கம்பி எண்ணுகிறவர்

எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களில் வாசிக்கிறவர்கள் ஒரு ரகம், கம்பி மாற்றுகிறவர்கள் ஒரு ரகம். வாசிக்கிறவர்களுக்கு மேடை, கைத்தட்டல், பேட்டி எல்லாம் உண்டு. இரண்டாம் ரகத்தாரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், சென்னையில் கொஞ்சம் அதிகம்.

பார்த்தவுடன் தெரிந்துவிடும். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்லூரிக் கலைவிழாவில் தலைமுடியோடு எடுத்த போட்டோ ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கும். வண்டிச் சாவியோடு ஓர் ஆலன் கீ தொங்கும். குதிகாலில் அடிக்கடி பிளாஸ்திரி, நறுக்கிப்போட்ட கம்பித் துணுக்கு ஏறியதால். வீட்டு வேலைக்கு வரும் அக்கா இவர் அறையை மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பெருக்குவார். குடியிருப்பதோ திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிற இடம். கால் மில்லிமீட்டர் கம்பி எத்தனை நாள் தாங்கும்? அவர் மாதாமாதம் செட் மாற்றுவதற்கு வங்காள விரிகுடாவே ஜாமீன் நிற்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் வாத்தியக் கடைக்குப் போவார். இவர் தலையைக் கண்டதுமே கவுன்டர் பையன், "அண்ணா, புதுசா ஒண்ணும் வரலைண்ணா" என்று முந்திக்கொள்வான். பயனில்லை. "இருக்கிறதையே எடுப்பா, பாத்துக்கறேன்" என்பார். கம்பி உறைகளை வரிசையாக அடுக்கச் சொல்வார். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார். அதில் எழுதியிருப்பது மொத்தம் ஆறு எண்கள்தான். அந்த ஆறையும் அரைமணி நேரம் படிக்க முடியும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

9-42, 10-46 என்றெல்லாம் போட்டிருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு பருமன் என்று கணக்கு; கடை பாஷையில் கேஜ். முதல் எண் மிக மெல்லிய கம்பிக்கு, கடைசி எண் மிகத் தடித்த கம்பிக்கு. 9-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது. அரை மயிரிழைக்கா இந்தப் பாடு என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஒரே சுருதியில் வைத்தால் கம்பியின் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 9-ன் வர்க்கம் 81, 10-ன் வர்க்கம் 100. ஏறத்தாழ 23 சதவீதம் கூடுதல். விரல்நுனிக்கு அது நன்றாகவே தெரியும். 10-46 செட் ஒன்றைச் சுருதி சேர்த்து மாட்டினால் ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தைச் சுமார் 45 கிலோ கனத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். ஆக, அவர் பேச்சில் இயற்பியல் இருக்கிறது. அவரை யாராலும் மடக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

மெல்லிய செட் என்பதே பின்னால் வந்த சலுகை. 1960-களுக்கு முன்பு மூன்றாம் கம்பிகூட மேலே சுற்றுக்கம்பி சுற்றித் தடியாகத்தான் வரும். ராக் அண்ட் ரோல் வாசித்த பையன்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, முதல் கம்பிக்குப் பான்ஜோ கம்பியை மாட்டி மற்றதை ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டுச் சமாளித்தார்கள். கலிபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்த எர்னி பால் இதைக் கவனித்து, மெல்லிய செட்டைத் தானே உறைபோட்டு விற்கத் தொடங்கினார். ரோஸ் உறையில் இன்றும் வருகிற 9-42 அவர் பெயர் தாங்கியதுதான். இந்தக் கதையை நம்மவர் கவுன்டரில் நின்று சொல்லும்போது, கிட்டார் வகுப்புக்குப் பெண்ணைச் சேர்க்க வந்த பெற்றோர்கள் வீணை பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

அவருக்கென்று காலகட்டங்கள் உண்டு. ப்ளூஸ் கிட்டார்க்காரர் ஸ்டீவி ரே வான் 13 பருமனில் முதல் கம்பி போட்டு வாசித்தவர் என்று படித்துவிட்டு அதையே மாட்டினார். வான் சுருதியை அரைக்கட்டை இறக்கி வைத்திருந்தார் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது, இவர் பக்கத்தைப் புரட்டவில்லை. தடித்த கம்பி கழுத்தின் மேல்முனைப் பள்ளத்தில் உட்கார மறுத்தது, கழுத்து வளைந்தது, ஆபீஸ் வருகைப் பதிவு இயந்திரம் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்து நீ யார் என்று கேட்டது. உடனே எதிர்த்துருவம். 'ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாய்' என்ற தோரணையில் ப்ளூஸ் மேதை பி.பி. கிங் சொன்ன யோசனையைக் கேட்டுத்தான் ராக் கிட்டார்க்காரர் பில்லி கிப்பன்ஸ் மெல்லிய கம்பிக்கு மாறி, கடைசியில் 7 வரை இறங்கினார். நம்மவர் 8-ல் நின்றுகொண்டார். அதில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி விலகும். ஹெவி மெட்டல் கிட்டார்க்காரர் டோனி அயோமியையும் சாட்சிக்கு அழைப்பார். பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்ததால் மெல்லிய கம்பிக்குப் போனவர் அயோமி. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. நம்மவருக்கு இருப்பது பத்து விரலும் ஒரு கிரெடிட் கார்டும். மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தாலொழிய மாற்றாதவர் என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால், "அது பேஸ்ங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டும் படலம். பழைய கம்பியைத் தளர்த்தி, வெட்டி, கட்டைகளைத் துடைத்து, புதியதைக் கோத்து, ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துத் தளர்வு எடுப்பார். 'டொய்ங்' என்று ஒவ்வோர் இழுப்புக்கும் கீழ்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்துவார். பிறகு நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி கிட்டாரின் உடம்பில் காதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தட்டு.

"கேட்டியா? டோன் எவ்ளோ வார்மா இருக்கு பாரு."

"நேத்திக்கு மாதிரியேதாங்க இருக்கு."

"நேத்திக்கு இருந்தது நிக்கல் பிளேட்டட். இது ப்யூர் நிக்கல். வித்தியாசம் தெரியலை?"

உள்ளேயிருந்து பையன் குரல் கொடுத்தான்: "அப்பா, ஆம்ப்பே ஆன் பண்ணலைப்பா."

"அதனாலதான்டா ஒரிஜினல் சவுண்டு கேக்குது."

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்-அப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய செப்புச் சுருள். எதிரில் இரும்புக் கம்பி அதிர்ந்தால் மின்சாரம் பிறக்கும். காதுக்கு இனிமையா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. மேல்சுற்று நிக்கல் பூசிய எஃகா, முழு நிக்கலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பதைப் பொறுத்து ஒலி கொஞ்சம் மங்கலாகவோ கூர்மையாகவோ மாறும். மாறுவது உண்மை. ஆம்ப்பில் டோன் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலும் அதே அளவு மாறும், செலவில்லாமல்.

பூச்சுக் கம்பி கதைதான் உச்சம். கோர்-டெக்ஸ் மழைக்கோட்டுத் துணி செய்கிற கோர் நிறுவனம் எலிக்சர் என்ற பெயரில் கம்பி விற்கிறது. மேலே மெல்லிய பூச்சு, வியர்வையும் அழுக்கும் உள்ளே இறங்காது, விலை ஆயிரத்துக்கு மேல். திருவான்மியூர்க்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மாட்டினார். வாரங்கள் போயின, மாதங்கள் போயின, கம்பி பளபளவென்றே இருந்தது. தினமும் காலையில் விரலால் தடவிப் பார்ப்பார், துரு இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, முகம் வாடிவிட்டது. கடைசியில் ஒருநாள், "உயிரே இல்லை இதுல" என்று தீர்ப்புச் சொல்லி, நல்ல நிலையில் இருந்த செட்டை வெட்டிப் போட்ட பிறகுதான் வீட்டில் சிரிப்புத் திரும்பியது.

இவ்வளவு கேலி செய்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருக்குக் காது உண்டு. நண்பர்கள் ஒருமுறை மூன்று கிட்டாரில் மூன்று வகைக் கம்பி மாட்டி, அவரைத் திரும்பி உட்காரவைத்துத் தட்டிக் காட்டினார்கள். மூன்றையும் சரியாகச் சொன்னார். சபையில் அமைதி. "அண்ணா, இப்ப ஒரு பாட்டு வாசிங்கண்ணா" என்று ஒருவன் கிட்டாரை நீட்டினான். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் கிட்டாரைத் தொட்டவர்கள் எல்லாரும் தொடங்குகிற இளைய நிலாவின் முகப்பை அழகாக வாசித்தார். எஸ்.பி.பி. குரல் நுழைய வேண்டிய இடத்தில் நிறுத்தி, "மூணாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று கீயைத் திருகினார். அந்தக் குரல் இன்றுவரை நுழையவில்லை.

கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழு கிட்டார்க்காரர் இவருக்கு நேர் எதிர். கம்பி கறுத்திருக்கும், என்ன பருமன் என்று கேட்டால் சிரிப்பார். பாட்டின் நடுவில் ஒன்று அறுந்தால் மிச்ச ஐந்தில் பாட்டை முடித்துவிட்டுப் பந்திக்குப் போவார். மாண்டலின் ஸ்ரீநிவாஸும் கம்பியைப் பற்றி யோசித்தவர்தான். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி கொண்ட வாத்தியத்தில் கமகம் சரியாக வராது என்று ஒற்றைக் கம்பிகள் ஐந்தாக ஆக்கிக்கொண்டார். ஆக்கிக்கொண்டு ஆயுள் முழுக்க ராகம் வாசித்தார். இதைச் சொன்னால் நம்மவர் ஆவலாகக் கேட்பது ஒன்றுதான்: "என்ன கேஜ்?"

அவர் வீட்டில் எதுவும் வீண்போவதில்லை. காபி பில்டர் அடைத்துக்கொண்டால் பழைய முதல் கம்பியால் ஓட்டையைக் குத்தி எடுக்கிறார்கள். ஆறாம் கம்பியில் மொட்டைமாடிப் பாகல்கொடி ஏறுகிறது. கம்பி நுனியில் வரும் வண்ணக் குண்டுகளைக் கோத்து எதிர்வீட்டுக் குழந்தை வளையல் போட்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பரணில் பையன் வாங்கிப் போட்டுவிட்ட கிட்டார் ஏதாவது கிடந்தால் தயங்காமல் அவரிடம் கொடுங்கள். கம்பி மாற்றி, கழுத்தை நிமிர்த்தி, பன்னிரண்டாம் கட்டையில் சுருதி சரிபார்த்துத் தருவார். ஒரு பைசா வாங்கமாட்டார். வாங்கப் போகும்போது என்ன கம்பி போட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியாது.