பிருங்கிக்கு ஒரு சிலை

திருவண்ணாமலையில் பிருங்கி முனிவருக்கு ஒரு சிலை வைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே, வெண்கலத்தில், ஆளுயரத்துக்கு. நம் நிஜமான முன்னோர் அவர்தான். அண்ணாமலையாரின் பிள்ளைகள் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் சும்மா பேச்சு.

கதை தெரிந்ததுதான். சிவனை மட்டும் கும்பிடுவேன், பக்கத்தில் இருக்கும் அம்பாளைக் கும்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். அம்பாள் நெருங்கி உட்கார்ந்தால் வண்டாக மாறி இடையில் புகுந்தார். இருவரும் ஒரே உடம்பாகி நின்றபோதும் விடவில்லை. நடுவில் துளை போட்டு ஆண் பாதியை மட்டும் சுற்றப் பார்த்தார். சாமியே நேரில் வந்து 'நான் இப்படித்தான்' என்று நிற்கும்போது, 'கிடையாது, நீ இப்படியில்லை' என்று சாதிக்க எவ்வளவு திமிர் வேண்டும்! அந்தத் திமிர் நமக்குப் பரம்பரைச் சொத்து. ஒவ்வொரு தை மாதமும் இவரால்தான் திருவூடல் தெருவில் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வருஷா வருஷம் வேடிக்கை பார்க்கிறோம். யார் கட்சி என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை.

கார்த்திகை தீபத்தன்று பாருங்கள். மலையில் 2,668 அடி உயரத்தில் கொப்பரையும் நெய்யும் தயார். கீழே கொடிமரத்தின் முன்னால் பஞ்சமூர்த்திகள் வந்தாயிற்று. மாலை ஆறு மணி நெருங்கும்போது அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான், அதுவும் ஓரிரு நிமிஷம்தான். தோளில் பேரனைத் தூக்கி வைத்திருக்கும் தாத்தா, "பார்றா, பாதி அப்பன், பாதி அம்மா" என்று தழுதழுப்பார். தலைகளுக்கு மேல் அத்தனை செல்போன்கள். உச்சியில் ஜோதி தெரிந்ததும் அரோகரா. நம்முடைய சகிப்புத்தன்மைக்கு ஆயுசு அந்த இரண்டு நிமிஷம். அதுவும், சாமி உடனே உள்ளே போய்விடுவார் என்கிற தைரியத்தில்.

உள்ளே போகாதவர்களும் இந்த ஊரில் உண்டு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திருநங்கைகள் நிற்பார்கள். பத்து ரூபாய்த் தாளை நீட்டி, குழந்தையின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணச் சொல்லும் பக்தரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கை ராசியான கை. அதே கை, மாடி போர்ஷனுக்கு அட்வான்ஸ் கொண்டுவந்தால் ராசி போய்விடும். "ஃபேமிலிக்குத்தாம்மா விடுறோம்." அம்மா என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். கடையில் வேலை கேட்டால், "கஸ்டமர் வர்ற இடம்." பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிட்டா என்ன?" என்று கேட்பவரும் அந்தக் கடைக்காரரேதான்.

சாமியும் இனி முறைப்படி நடந்துகொள்ள வேண்டும். தன் பாலினம் எதுவென்று அவரவரே சொல்லலாம், ஆபரேஷனைக் காட்டச் சொல்லக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டமோ, கலெக்டரிடம் சான்றிதழ் வாங்கு என்றது. அதில் ஆண் என்றோ பெண் என்றோ திருத்த வேண்டுமானால் ஆஸ்பத்திரிச் சான்றும் வேண்டும் என்றது. ஆகவே அர்த்தநாரீஸ்வரர் திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு வரிசையில் நிற்கட்டும். இடது பாதி எப்போது வந்தது? எந்த டாக்டர்? டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே? அதே சட்டம், திருநங்கை மீதான பாலியல் வன்கொடுமைக்கு அதிகபட்ச தண்டனை இரண்டே வருஷம் என்று எழுதியது. பெண் மீதான வன்புணர்வுக்குக் குறைந்தபட்சமே பத்து வருஷம். ஆடித் தள்ளுபடியில்கூட இப்படி விலை குறைத்துப் பார்த்ததில்லை.

திருநங்கைகளுக்காவது கைகாட்ட ஒரு சாமி இருக்கிறது. பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு நம் ஊர் வைத்திருப்பது வேப்பிலைதான். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு 2021 ஜூன் 7 அன்று, 'மாற்றிக் காட்டுகிறோம்' என்று நடக்கும் வைத்தியத்துக்குத் தடை போட்டார். இப்படிப்பட்டவர்களைத் தொல்லை செய்யக் கூடாது என்று 2022-இல் தமிழக போலீஸ் நடத்தை விதிகளிலேயே ஒரு விதி ஏறியது. ஏறிய விதி ஸ்டேஷன் வாசலில் இறங்கவில்லை.

2025 மே. வேலூர் பக்கம், மேஜரான ஒரு பெண். தன் தோழியோடு வாழ நினைத்ததுதான் குற்றம். குடியாத்தம் போலீஸ் உள்பட அவர் உதவி கேட்ட போலீஸ் யாரும் கைகொடுக்கவில்லை. பெற்றோர் கையில்தான் போய்ச் சேர்ந்தார். வீட்டில் அடி. 'சரியாவதற்கு' சடங்கு வேறு. தோழி ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அந்தப் பெண் உயர் நீதிமன்றத்தில் வாய் திறந்து பேச முடிந்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை விருப்பப்படி போகச் சொன்னார்கள், கல்யாணம் மட்டுமே குடும்பமாகாது என்றார்கள், போலீஸையும் கண்டித்தார்கள்.

கண்டனம் வாங்கிய காக்கிக்கு ஒரு குறையும் வராது. தீபத்துக்கு வெளிமாவட்ட போலீஸும் பந்தோபஸ்துக்கு வருவது வழக்கம். டூட்டி கொடிமரத்தருகே விழுந்தால் அதிர்ஷ்டம்தான். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அர்த்தநாரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள முன்வரிசை இடம், பாஸ்கூட வேண்டாம்.