வைகறை வரம்பு: வீட்டு இணையத்தின் மாத அளவு குறித்து ஓர் ஆய்வு முன்னுரை

வீட்டு இணையத் திட்டங்களின் மாத வரம்பைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இன்னும் வரவில்லை. குறளில் சுற்றுலா மேலாண்மைக்கும் கம்பனில் வங்கியியலுக்கும் கருத்தரங்கு கூட்டி, மதியச் சாப்பாடும் சான்றிதழும் கொடுத்துப் பழகிய கல்வியுலகம் இதை எப்படித் தவறவிட்டது என்பதே தனி ஆய்வுக்குரியது. அக்குறையை நீக்க ஓர் ஆய்வாளர் முன்வந்திருக்கிறார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இவ்வாய்வுக்கு மூலநூல், நிறுவனங்களின் கட்டணப் பட்டியல். அதன் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சாகும் நிபந்தனைகள் நூற்பாக்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுபவர் உரையாசிரியர். மூலத்தில் இல்லாததை உரையில் சொல்லும் உரிமை அவருக்கு மரபுவழி வந்தது.

வரம்பு மூவகைப்படும்: வெளிப்படை, மறைவு, கருணை.

கருணை வரம்பாவது, அளவு தீர்ந்தபின் கிடைக்கும் வேகம். அது 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று 2016-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது.

மறைவு வரம்பு இன்று வீதிதோறும் காணக்கிடைப்பது. ‘அன்லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும்; தோளருகே சின்னதாக ஒரு நட்சத்திரம். அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் பல திட்டங்களில் கிடைப்பது 3300 ஜிபி (நிபந்தனைகள், கடைசிப் பத்தி). 100 எம்பிபிஎஸ் இணைப்பை முழுவேகத்தில் ஓடவிட்டால் இது 73 மணி நேரச் சொச்சத்தில் தீரும். அதாவது, எல்லையற்ற மாதம் நான்காம் நாள் விடியுமுன்பே முடிகிறது. எந்தக் குடும்பம் அப்படி ஓடவிடும் என்று மறுப்போர் கேட்பர். ஆய்வாளர் குடும்பத்தைப் பற்றிப் பேசவில்லை, கோட்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். பாதி தீர்ந்ததும், 90 விழுக்காட்டிலும், முழுதும் தீர்ந்தபோதும் வாடிக்கையாளருக்குத் தகவல் தரவேண்டும் என்பதும் அதே 2016 உத்தரவு. இம்மூன்று செய்திகளும் முறையே அறிவுரை, இடித்துரை, இரங்கலுரை எனப்படும்.

வெளிப்படை வரம்பே பழமையானது. பி.எஸ்.என்.எல். 2005-இல் தொடங்கிய டேட்டாஒன் சேவையில் ஹோம் 250 என்றொரு திட்டம் இருந்தது. மாதம் 250 ரூபாய், 400 எம்பி. வேகம் 256 கேபிபிஎஸ்ஸாக இருந்தவரை இதைத் தீர்க்க மூன்றரை மணி நேரம் பிடித்தது. 2007 ஜனவரியில் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தினார்கள். நாடே மகிழ்ந்தது. அதே 400 எம்பி இப்போது 26 நிமிடம் 40 நொடியில் தீரும் என்று எவரும் வகுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை (காண்க: அக்காலப் பில், பின்பக்கம், ஒப்புநோக்குக: அதைப் பிரித்த அப்பாவின் முகம், முன்பக்கம்).

இனி, இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருவோம். ஹோம் 500 போன்ற திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் காலை 8 மணிவரை இறக்கியது கணக்கில் சேரவில்லை. ஏன் இரண்டு மணி? பள்ளிப் பாடநூலைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. யாமம் இரவு 10 முதல் 2 வரை. வைகறை 2 முதல் 6 வரை. வைகறை மருதத்திணைக்குரிய சிறுபொழுது. ஆகவே ஹோம் 500 மருதத்திணைத் திட்டம் என்பது வெள்ளிடைமலை. எஞ்சிய 6 முதல் 8 வரை என்ன என்று ஒரு சாரார் மடக்குவர். மருதத்துக்கு வைகறையோடு விடியலும் சேர்த்தே சொல்லப்பட்டிருப்பதை அவர்கள் மறந்தனர். தொலைத்தொடர்புத் துறையில் தொல்காப்பியம் படித்த ஓர் அதிகாரி இருந்திருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். ஆய்வேட்டுக்கு இவ்வளவு சான்று போதும். இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு பட்டம் வாங்கியோர் உளர்.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தலைவன் நள்ளிரவுவரை விழித்திருக்கிறான். மணி இரண்டானதும் மோடத்தை அணைத்துப் போடுகிறான். பழைய இணைப்பு தொடர்ந்தால் பகல் கணக்கில் ஏறிவிடும் என்ற அச்சம். அவன் கடிகாரமும் நிறுவனத்தின் கடிகாரமும் ஒத்துப்போகுமா என்ற ஐயத்தில், 2.15 ஆகட்டும் என்று இன்னும் கால் மணி நேரம் காக்கிறான். 700 எம்பி லினக்ஸ் குறுந்தகடு ஒன்று இறங்கத் தொடங்குகிறது. தலைவி கதவைத் தாழிட்டுப் படுத்துவிட்டாள். கருப்பொருள்களும் பிசகாமல் பொருந்துகின்றன: எருமையாவது சிபியூவின் மின்விசிறி, பறையாவது மின்சாரம் போனதும் அலறும் யுபிஎஸ். ஊடல் தீர்க்கும் வாயிலாக வரவேண்டிய மாமனாரோ, “ராத்திரி பூரா ஓடுதே, கரண்ட் பில்ல யாரு மாப்ள கட்டுறது?” என்று கேட்டு ஊடலைப் பெருக்குகிறார் (காண்க: அவ்வீட்டு வெள்ளை மின்கணக்கு அட்டை, மூன்றாம் வரிசை, ஒப்புநோக்குக: அதே அட்டை, நான்காம் வரிசை, சிவப்பு மையில் வட்டமிட்டது, வட்டமிட்டவர் மாமனார் என்பது பெரும்பான்மைக் கொள்கை, தலைவியே என்பது கையெழுத்து ஒப்பீட்டாளர் துணிபு, மை கசிந்து ஐந்தாம் வரிசையைத் தொட்டதால் அங்கே பாடபேதம் உண்டு, அட்டை தற்போது துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் பாதுகாக்கப்படுகிறது).

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய நெரிசல் மாதத்தைப் பொறுத்ததன்று, பொழுதைப் பொறுத்தது. தெருவே படம் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்குக் குழாய் நிரம்பும். மூன்று மணிக்கு வெறிச்சோடும். மாத வரம்போ இரண்டு வேளை ஜிபியையும் ஒரே தட்டில் நிறுக்கிறது. பொழுது பார்த்துக் கணக்கிட்டது அந்த மருதத்திணைத் திட்டம்தான். 3300 எந்தப் பொழுதுக்கும் உரியதன்று.

இதற்கு அயலகச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனம் 2008 அக்டோபரில் மாதம் 250 ஜிபி என்று எல்லை வகுத்தது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் ஊரே வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய நேரத்தில், அப்போதிருந்த வரம்பை நிறுத்திவைத்தது. நெரிசலுக்கு அஞ்சி வைத்த வேலியை, நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது பிடுங்கினார்கள். கம்பிகள் தாங்கின. ஜூலையில் வேலி 1.2 டிபியாகத் திரும்பி வந்தது.

இனி எஞ்சியிருப்பது அளவைச் சிக்கல். ஜிபியை 1000-இன் அடுக்காகக் கொள்வதா, 1024-இன் அடுக்காகவா? பின்னதற்கு 1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் கிபிபைட் என்று தனிப்பெயர் சூட்டியும் பூசல் ஓயவில்லை. இரு கட்சியாருக்கும் இடையே 3300-இல் வரும் வேறுபாடு ஏறத்தாழ 243 ஜிபி. இதை அச்சுப்பிழை அளவுக்கு அற்பம் என்று ஒதுக்குவோர் உண்டு. ஹோம் 250 வைத்திருந்த ஒரு வீட்டுக்கு அது ஐம்பது ஆண்டுச் சாப்பாடு.