சத்தம் வேண்டி ஒரு மனு

பெறுநர்: கேம் கன்சோல், டிவி, சவுண்ட்பார் ஆகிய மூன்று கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகள் (ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட வசதியாக, கூட்டாக)

பொருள்: சத்தம் கோருதல் தொடர்பாக

பார்வை: "எங்கள் பக்கம் கோளாறு இல்லை" என்ற தங்கள் மூவரின் பதில்கள்

மதிப்புக்குரியீர்,

எங்கள் வீட்டு டிவியில் கார்கள் மோதின, கட்டடங்கள் சரிந்தன. கப்சிப். அந்த நாட்களில் எங்கள் ஹாலில் கேட்ட ஒரே இசை, தங்கள் எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருக்கும்போது போனில் ஓடுவதுதான். அது மட்டும் துல்லியமாகக் கேட்டது. பாராட்டுகள்.

கன்சோல்காரர் அணைத்துப் போடச் சொன்னார். டிவிக்காரர் வயரை மாற்றச் சொன்னார். சவுண்ட்பார்காரர் கன்சோல்காரரிடம் கேட்கச் சொன்னார்.

வயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. டிவியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளைகள் எல்லாம் ஒரே அச்சு. ஒன்றின் ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் 'ஏஆர்சி'. அந்தத் துளைகளில் சவுண்ட்பாருக்குச் சத்தம் திரும்பிப் போகும் வழி அது ஒன்றுதான். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த ஏற்பாடு. சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, டார்ச் அடித்துத்தான் இன்றும் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. பழைய ஆப்டிகல் வயரை நேரே கன்சோலில் செருகிவிடலாம் என்றால், 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் அந்தத் துளையே கிடையாது. வளர்ச்சி என்றால் இதுவல்லவோ!

கடைசியில் குற்றவாளி கன்சோலின் ஒலி செட்டிங்கில் உட்கார்ந்திருந்தார். அங்கே 'டால்பி' என்று இருந்தது. அதாவது, கன்சோல் சத்தத்தைச் சுருக்கிப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறது. டிவிக்கும் பிரிக்கத் தெரியவில்லை, சவுண்ட்பாருக்கும் தெரியவில்லை. சுருக்காமல் அனுப்பும் 'லீனியர் பிசிஎம்' என்று மாற்றியதும் வீடு அதிர்ந்தது.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எச்டிஎம்ஐ வயரை மாட்டியதுமே, எந்தெந்த ஒலி வடிவத்தை ஏற்க முடியும் என்ற பட்டியலை டிவி கன்சோலிடம் ஒப்பித்துவிடுகிறது. ஆக, உள்ளே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் ரகசியம். படம் போனால் 'நோ சிக்னல்' என்று டிவி ஊரைக் கூட்டுகிறது. சத்தம் போனால் மூன்று பெட்டிகளும் சேர்ந்து மௌன விரதம்.

எனவே தாங்கள் பெரிய மனது வைத்து, "இந்த டிவிக்குப் புரியாத வடிவத்தில் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது, மாற்றட்டுமா?" என்று திரையில் ஒரே ஒரு வரி போட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். திரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஐயா.

இப்படிக்கு,
தங்கள் காத்திருப்பு இசையை மனப்பாடமாகப் பாடக்கூடிய வாடிக்கையாளர்

பி.கு.: கீழ்வீட்டு மாமா இந்த மனுவைக் கடுமையாக எதிர்க்கிறார். அந்தக் கோளாறை மறுபடி வரவழைக்க எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று தங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.