செட் என்னும் சொல்: பொருளும் பொருத்தமும்

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் உடைய சொல் எது என்ற வழக்கில் ஆக்ஸ்போர்டு அகராதியின் தீர்ப்பு மாறிவிட்டது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430க்கு மேற்பட்ட பொருள்கள் கண்டார்கள். பிறகு திருத்தம் செய்தபோது 'ரன்' 645 பொருள்களோடு முந்திக்கொண்டது. பெயருக்கேற்ற வேகம்தான், அதில் எமக்கு வருத்தமில்லை. பொருள் பெருகுவது ஒரு சொல்லுக்குப் பெருமையா, சீர்கேடா என்பதே கேள்வி. செட்டின் குடும்பத்தைப் பாருங்கள். உட்கார வைத்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினை ஒரு பக்கம். இலத்தீனத்தில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த, கூட்டத்தைக் குறிக்கும் பெயர் மறுபக்கம். ஒலி ஒத்துப்போனதால் இரண்டும் ஒரே வீட்டில் குடியேறின; சமையல் மட்டும் இன்றுவரை தனித்தனி. இந்த இரண்டையும் ஒரே உலையில் இட்டு ஒரு பொருளாக்கியது தமிழ் என்பதை யாம் இங்கே நிறுவப் புகுகிறோம். அப்பொருளாவது: தனித்து நின்றால் உதவாதவை, பொருந்தி நின்று உதவுதல்.

சான்றுகள் தெருவெங்கும் கிடக்கின்றன. மோட்டாரும் பம்பும் குழாயும் தனித்தனியே கிடந்தால் இரும்பு, கூடினால் பம்புசெட். ஆம்ப்ளிஃபயர், மைக், தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் மூன்றும் கூடினால் மைக் செட், ஊர் தூங்காது. நெக்லஸும் தோடும் சேர்ந்தது நகை செட், ஒரு தோடு தொலைந்தால் மற்றது இருந்தும் இல்லாததற்குச் சமம். பல் செட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே வருஷம் படித்தவர்கள் 'எங்க செட்டு'. சினிமா செட்டில் வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் இருக்கும்; பொருந்தி நிற்பதாகக் கேமராவுக்குத் தெரிந்தால் போதும். வினைக்கு வந்தாலும் இதே கதைதான். சட்டை செட் ஆகவில்லை, வேலை செட் ஆகவில்லை, அவளுக்கும் மாமியாருக்கும் செட் ஆகவில்லை என்று எங்கு பார்த்தாலும் பொருத்தமே பேசப்படுகிறது. திவாகர நிகண்டின் பதினோராவது தொகுதி ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது. பன்னிரண்டாவது, பல பொருள் கூடிய கூட்டத்துக்கு ஒரு பெயர் சொல்வது. ஆங்கிலேயர் செட்டைப் பதினோராவதில் வைத்துத் தவிக்கிறார்கள். அதற்குரிய இடம் பன்னிரண்டாவது.

அற்றேல், செட் தோசை சென்னையில் பெரும்பாலும் இரண்டாகவும் பெங்களூரில் மூன்றாகவும் வருகிறதே, எண் நிலையில்லாதது எப்படிச் செட் ஆகும் எனின், அற்றன்று. எண் வேறு, கூட்டம் வேறு. பள்ளிக் கணக்கில் செட்டைக் கணம் என்கிறார்கள். கணத்தில் உறுப்புகள் எத்தனை என்பதற்கு ஆதி எண் என்று தனியே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டானால் என்ன, மூன்றானால் என்ன, வடகறியோடு கூடிவிட்டால் செட் நிறைவு பெறுகிறது. (உறுப்பே இல்லாத வெற்றுக் கணத்தையும் கணிதம் ஒப்புக்கொள்கிறது. டிபன் கடையில் அதற்குப் பில் போட முடியாது.) இனி, கான்கிரீட் செட் ஆவது இறுகுதல் அல்லவா, அங்கே பொருத்தம் ஏது என்பர். சிமெண்டும் தண்ணீரும் கலந்து, இனிப் பிரிக்கவே முடியாது என்ற நிலைக்கு வருவதை வேறென்ன பெயரால் அழைப்பது? சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிஷத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்று இந்தியத் தர விதியே கெடு வைத்திருக்கிறது. மருமகள், மாமியார் விஷயத்தில் அப்படியொரு கெடுவை யாரும் வைக்கவில்லை. 'அவருக்கு அந்த ஊரில் ஒரு செட்டப் இருக்கிறது' என்ற வழக்கையும் காட்டி மடக்குவார்கள். அது வேறு சொல். பொருத்தம் அங்கும் உண்டெனினும், ஆய்வின் கண்ணியம் கருதி விடுக்கிறோம்.

தனித்தமிழ் அன்பர்களின் மறுப்பு கனமானது. தொகுதி என்ற நல்ல சொல் இருக்கையில் செட் எதற்கு? தொகுதி சட்டமன்றத்துக்குப் போய்விட்டது; பல் தொகுதி என்றால் வேட்பாளர் யார் என்று கேட்பார்கள். மேலும் ட் என்ற ஒற்றில் தமிழ்ச்சொல் முடியாதென்று தெரிந்து, பேச்சில் இது செட்டு என்று உகரம் ஏற்று, பட்டு, தட்டு போல வன்தொடர்க் குற்றியலுகரமாகவே நடந்துகொள்கிறது. பிறந்த ஊரில் இல்லாத ஒழுக்கம். இதைக் கண்டு இன்னொரு சாரார், செட்டு தமிழில் முன்பே உள்ள சொல்தானே, கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்து என்று பாட்டிமார் சொன்னார்களே, இங்கிருந்துதான் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது என்று வாதிடுவர். ஆசை பெரிது, ஆதாரம் இல்லை. அந்தச் செட்டுக்குச் சிக்கனம் என்று பொருள். நகை செட், சோபா செட், டின்னர் செட் மூன்றையும் ஒரே கல்யாணத்துக்கு வாங்குகிற வீட்டில் அது வாசற்படியைக்கூட மிதித்திருக்காது.