பந்துவயிற் பிரிவு: ஏழாம் பிரிவுக்கு ஓர் இலக்கணம்

தலைவன் தலைவியை விட்டுப் பிரிவதற்கு நம் அகப்பொருள் இலக்கணம் ஆறு காரணங்களை ஒப்புக்கொள்கிறது: பரத்தை, ஓதல், காவல், தூது, துணை, பொருள். நாற்கவிராச நம்பி அதோடு நிறுத்திக்கொண்டார். நண்பர்கள் ஐந்து பேர் அலுவலகத்தில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உலகக் கோப்பை கால்பந்து பார்க்க விமானம் ஏறுவது இவற்றுள் எதில் அடங்கும்? பொருள்வயிற் பிரிவில் அடக்கலாம் என்பாரும் உளர். அது பொருந்தாது. பொருள்வயிற் பிரிந்தவன் பொருளைக் கொண்டுவருவான். இவர்கள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறார்கள். ஆகவே பந்துவயிற் பிரிவு என ஏழாவது ஒன்றை வகுத்தே ஆகவேண்டும். சான்றுக்குக் கத்தார், 2022.

முதற்பொருளிலிருந்து தொடங்குவதே மரபு. நிலம் பாலை; மூன்று பக்கம் கடல் இருப்பதால் நெய்தல் கொஞ்சம் கலந்தது. குழப்பம் பெரும்பொழுதில்தான். வழக்கமாக ஜூன், ஜூலையில் நடக்கும் போட்டி இது. அந்த வேனிலில் வளைகுடாவில் ஆடினால் பந்து மட்டுமே மிஞ்சும் என்பதால், 2015இல் ஃபிஃபா அதை நவம்பர், டிசம்பருக்குத் தள்ளிவைத்தது. கார்த்திகையில் தொடங்கி மார்கழியில் முடிந்தது. ஆனால் சிறுபொழுதைப் பாருங்கள். குரூப் ஆட்டங்களின் முதல் இரண்டு ரவுண்டுக்கு வைத்த நேரம் பகல் 1 மணி, மாலை 4, இரவு 7, இரவு 10. நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். அதாவது பாலை, நெய்தல், முல்லை, குறிஞ்சி. ஃபிஃபாவின் ஸூரிக் அலுவலகத்தில் தொல்காப்பியம் படித்தவர் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று ஐயுற இடமுண்டு. மருதத்துக்குரிய வைகறையை மட்டும் ஏன் விட்டார் என்பதற்குக் காரணம் பின்னால் வரும்.

கருப்பொருளை விரிக்க வேண்டியதில்லை. தெய்வம் மெஸ்ஸி. உணவு கடக் சாயாவும் மலையாளி ஹோட்டல் பரோட்டாவும். விசாவாகவும் மெட்ரோ பாஸாகவும் வேலை செய்த ஹய்யா கார்டு கழுத்தில். அகத்திணை மாந்தருள் செவிலி மட்டும் தனியாகச் சொல்லத்தக்கவர்: தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் தலைவனின் சித்தி மகன். அங்கே குடியிருப்பவர்கள் பத்து பேர் வரை உறவினரையும் நண்பரையும் வீட்டில் தங்கவைக்கலாம் என்று விதி இருந்ததால் ஐவரும் அவர் அறையில் இறங்கினார்கள். உள்ளூர்வாசிக்கு மட்டும் உரிய நாலாம் வகை டிக்கெட் 40 ரியால். வந்தவர்கள் வாங்கியதோ மூன்றாம் வகை, 250 ரியால். பாய் கொடுத்தவர் ஏறக்குறைய 900 ரூபாயில் பார்த்த ஆட்டத்தைப் பாயில் படுத்தவர்கள் ஐயாயிரத்துச் சொச்சத்துக்குப் பார்த்தார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐவர்தான் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இனி உரிப்பொருள். ஐவரும் நான்கு நாளில் நான்கு பொழுதையும் கண்டார்கள்.

நவம்பர் 21, எற்பாடு, கலீஃபா மைதானம், இங்கிலாந்து–ஈரான். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஃபிஃபாவின் டிக்கெட் செயலி அன்று மக்கர் செய்தது. பலர் போனிலிருந்து டிக்கெட்டே மாயமாயிற்று. ஐந்து டிக்கெட்டும் தலைவன் போனில்.

“மச்சி, புளூடூத் ஆன் பண்ணியா?”

“பண்ணிட்டேன்டா. ஆப்பே சுத்திக்கிட்டு நிக்குது.”

“அப்பவே சொன்னேன், ஆளுக்கொன்னா மாத்தி அனுப்புன்னு.”

இவர்கள் உள்ளே போகும்போது முதல் பாதி ஏறக்குறைய ஓடிவிட்டது. இருந்தாலும் ஈரான் கோல்கீப்பர் தலையில் அடிபட்டு விழுந்ததில் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் வலி இன்னொருவருக்கு வட்டியாவதை இலக்கணம் மெய்ப்பாட்டில் எங்கே வைக்கும் என்று தெரியவில்லை. ஆட்டம் 6-2.

மறுநாள் நண்பகல், லுசைல், அர்ஜென்டினா–சவுதி. இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். பாலையின் உரிப்பொருளான பிரிவு இங்கே இரு வழியாக நிகழ்ந்தது. ஐவரில் நால்வர் மெஸ்ஸி ஜெர்ஸியில். முதல் பாதியில் அர்ஜென்டினா பந்தை வலைக்குள் தள்ளியது நான்கு முறை. அதில் மெஸ்ஸியின் பெனால்டி ஒன்றுதான் செல்லுபடியானது, மற்ற மூன்றும் ஆஃப்சைடு. லாட்டாரோ அடித்ததற்கு விஏஆர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் நாற்காலி மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்போது சென்னையிலிருந்து, ஜியோசினிமாவில் காசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த தலைவியின் வாட்ஸப் வந்தது: “ஏங்க, தோள்பட்டை வெளிய இருக்கு. ஆஃப்சைடு. கீழ இறங்குங்க.” தூது என்பது பிரிந்திருக்கும் ஒருவர் நிலையை மற்றவருக்குச் சொல்வது. இருந்தவள், பிரிந்தவனுக்கு அவன் கண்முன் நடப்பதையே சொல்லும் தூது சங்க இலக்கியத்தில் இல்லை.

இரண்டாம் பாதியில் ஐந்து நிமிடத்துக்குள் சவுதி இரண்டு கோல் போட்டது. 2-1. அடுத்த நாளைச் சவுதி மன்னர் பொது விடுமுறையாக்கினார். அன்று இரவே நால்வரில் ஒருவன் பச்சைத் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். டிசம்பரில் மொராக்கோ அரையிறுதிக்குப் போனபோது சென்னையில் சிவப்புக்கு மாறினான். இது பரத்தையிற் பிரிவு. தனியே விளக்க வேண்டாம்.

23ஆம் தேதி மாலை, ஸ்பெயின்–கோஸ்டாரிக்கா. முல்லைக்கு இருத்தல். ஒரே குளியலறை, அதற்குள் போனவன் வெளியே வரவேண்டும், ஜெர்ஸி காயவேண்டும், பவர் பேங்க் ஏறவேண்டும். வியாசர்பாடியில் ஞாயிறுதோறும் ஆடுகிறவன் ஒருவனே குழுவில் ஆட்டம் தெரிந்தவன். வாசலில் ஷூவோடு நின்றவனும் அவன் ஒருவனே. மைதானத்துக்குள் நுழைகையில் இடைவேளை, ஸ்பெயின் 3-0. மீதி நாலைப் பார்த்தார்கள். எட்டு மைதானமும் தோஹாவைச் சுற்றியே இருந்ததால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்க்கலாம் என்பதுதான் கத்தாரின் பெருமை. 2018இல் ரஷ்யாவில் 11 நகரங்களில் ஆடியபோது அது கனவிலும் நடவாது. ஆனால் ஐவராகச் சேர்ந்து போனால் ஒரே நாளில் ஒன்றரை ஆட்டத்துக்கு மேல் ஏறாது என்பதே ஆய்வின் துணிபு.

24ஆம் தேதி யாமம், மறுபடி லுசைல், பிரேசில்–செர்பியா. குறிஞ்சிக்குப் புணர்தல், கட்டித் தழுவுதல் எனக் கொள்க. ரிச்சார்லிசன் பந்தைத் தட்டி மேலே எழுப்பி, உடம்பைக் காற்றில் சாய்த்து அடித்த அந்தக் கோலில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. போட்டிக்கு முன்பே, அர்ஜென்டினா, இங்கிலாந்து ஜெர்ஸியில் ஊர்வலம் போன இந்திய ரசிகர்களைப் பார்த்து, இவர்கள் கூலிக்கு வந்தவர்களோ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேட்டன. 1950இல் தகுதி பெற்றும் இந்தியா போகவில்லை. அதற்கப்புறம் தகுதியே பெறவில்லை. நாடறிய மணம் கிடைக்காத இடத்தில் களவு ஒன்றே கதி என்பதைக் கேள்வி கேட்டவர்கள் அறியார்.

இப்போது வைகறை. பத்து மணி ஆட்டம் முடிந்து, நுரைக் கையை நீட்டி மெட்ரோவுக்கு வழிகாட்டிய தன்னார்வலர்களைக் கடந்து, வளைந்து வளைந்து நகர்ந்த வரிசையில் நின்று அறை சேரும்போது மணி இரண்டைத் தாண்டும். மருதத்துக்கு உரியது ஊடல். போனில் ஸ்பிளிட்வைஸ் திறக்கப்படும். ஷவர்மா ஐந்தா நாலா? சவுதி ஆட்டத்தன்று டாக்ஸியில் வந்தது யார்? செவிலி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, “காலைல ஆறு மணிக்கு டூட்டி தம்பி” என்பார். இந்தப் பொழுதுக்கு ஃபிஃபா ஆட்டம் வைக்காததன் காரணம் இதுவே: மருதத்தை ரசிகர்களே நடத்திக்கொள்வார்கள்.

அடுத்த சான்று 2026: மூன்று நாடு, 16 நகரம், 48 அணி, 104 ஆட்டம். கடல் கடக்கும் பயணத்தில் மகளிரை அழைத்துப்போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு. உரையாசிரியர்கள் அதற்கு ஒருமித்துப் பொருள் சொல்லவில்லை. தலைவன் அதை எடுத்துக்காட்டிப் பார்த்தான். “நூற்பா கிடக்கட்டும். ஆஃப்சைடு யார் சொன்னது?” என்றாள் தலைவி. புது உரை எழுத ஆள் தேவை.