கத்தரிக்கா வாங்குற வாய்

வா தாயி, உக்காரு. நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படிச்சாச்சு, கவுன்சில்ல பதிஞ்சாச்சு, நாளைக்கு ஆசுபத்திரியில இன்டர்வியூ. சரி, “எவ்வளவும்மா எதிர்பாக்குற?”ன்னு கேட்டா என்ன சொல்லுவ?

“நீங்களே பாத்துக் குடுங்க சார்.” அதானே?

அட கூறுகெட்ட பேத்தி! பூனை முன்னால பால வச்சு, நீயே பாத்துக் குடின்னா, அது பாத்துத்தான் குடிக்கும்.

நேத்துச் சந்தையில கால் கிலோ கத்தரிக்காய்க்கு ரெண்டு ரூவா கொறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நின்னவ நீ. ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கப் போற வேலைக்கு வாயத் தொறக்க மட்டும் வெக்கமோ?

நான் முப்பது வருஷம் மாட்டுத் தரகு பாத்தவன். துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு வெல பேசுறதுக்கு முன்னால பல்லப் பாப்போம், சுழியப் பாப்போம், அன்னைக்குச் சந்தை நெலவரம் என்னன்னு காதக் குடுப்போம். நீ அங்க வேல பாக்குற சீனியர் அக்காவுக்கு ஒரு போன் போட்டியா? புதுச் சுடிதார் போட்டோவ மட்டும் நாப்பது பேருக்கு அனுப்பிருக்க!

நெலவரம் நான் சொல்றேன், கேட்டுக்க. 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டுச்சு. 200 படுக்கைக்கு மேல இருந்தா சர்க்கார் நர்சுக்குச் சமமாக் குடு, 50 படுக்கைக்குக் கீழ இருந்தாலும் 20,000-க்குக் கொறையாதன்னு அது சொல்லிச்சு. சட்டமில்ல தாயி, சிபாரிசுதான். அதான் மொதலாளிமாரு மறந்துட்டாக. நீயும் மறக்கணுமா?

அடுத்து, “சி.டி.சி. வருஷத்துக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்”பாக. உனக்காக அவுக செய்யிற மொத்தச் செலவாம் அது. லட்சம்னதும் உனக்குக் கண்ணு மினுங்கும். பன்னெண்டால வகு. மாசம் 20,000. அதுவாவது கைக்கு வருமா? பி.எப்.புக்கு உன் பங்கு 12 சதம் பிடிப்பாக. அவுக பங்கு 12-ஐயும் அந்தக் கணக்குலயே சேத்திருப்பாக. என்னைக்கோ நீ வெலகுறப்பத் தரப்போற கிராஜுவிட்டியும் அதுக்குள்ளதான். சினைமாட்ட விக்கிறவன், வயித்துல இருக்கிற கன்னு பெருசாகிக் கறக்கப் போற பாலுக்கும் சேத்து வெல சொன்ன கத! ஹாஸ்டல், மெஸ் பிடித்தம் வேற. “பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு சார்?”னு ஒத்தக் கேள்வி கேளு. பேனாவ மூடி வச்சுட்டு நிமிந்து பாப்பாரு.

“அனுபவம் இல்லையேம்மா”ன்னு இழுப்பாக. அனுபவம் இல்லாதவள ராத்திரி ஐ.சி.யூ.வுல நிறுத்துவீகளான்னு கேளு. சிரிச்சுக்கிட்டே கேக்கணும், வெளங்குதா?

கடைசியா, “நாம எல்லாம் ஒரே குடும்பம், ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட குடுத்துட்டுப் போ”ம்பாக. எந்தக் குடும்பத்துல மகளோட சர்ட்டிபிகேட்ட அடமானமாப் பீரோவுல பூட்டுறாக? அது உன் மூக்கணாங்கயிறு தாயி. கயித்த அவுக கையில குடுத்துப்புட்டா, அப்புறம் சம்பளத்த ஏத்துன்னு எப்படித் தலைய ஆட்டுவ? ஒரிஜினலக் காமி, நகலக் குடு, பையில போட்டுத் திரும்பக் கொண்டா.

சம்பளம் ஏறலையா? நைட் டூட்டிக் காசு, வார லீவு, அடுத்த உயர்வு எப்பங்கிறதப் பேசு. பேசுனத ஆர்டர்ல எழுதச் சொல்லு. துண்டுக்குள்ள பேசுனது துண்ட உதறுனாப் போச்சு, தாளுல இருக்கிறதுதான் நிக்கும்.

சரி, எந்திரி. நாளைக்கு எந்தச் சுடிதார் போட்டாலும் போடு. கத்தரிக்கா வாங்குற அந்த வாய மட்டும் வீட்டுல வச்சுட்டுப் போயிராத.