கேள்வி கேட்க வந்த கப்பல்

கே: யூதர்களிடையே நாடு விட்டு நாடு 'சகோதரச் சமூகம்' உண்டாமே, அது என்ன? — கல்லூரி மாணவி, கே.ஜி.கண்டிகை

ப: ஒரு நாட்டு ஜெப ஆலயத்தார் இன்னொரு நாட்டாரோடு உறவு வைத்து, ஆசிரியர், புத்தகம், பணம் என்று பகிர்ந்துகொள்வது. மனதைத் தொட்ட ஒன்றைச் சொல்கிறேன். சோவியத் ஆட்சியில், 13 வயதில் செய்யும் மதச் சடங்கைச் செய்ய வழியில்லாமல் இருந்த யூதப் பிள்ளைகள் உண்டு. அமெரிக்க யூதப் பிள்ளைகள் தங்கள் சடங்கில் அவர்களில் ஒருவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். வர முடியாதவருக்காக நாற்காலி ஒன்றைக் காலியாக விடுவதும் உண்டு.

கே: நம் பக்கத்தில் அப்படி ஏதாவது? — ஓய்வுபெற்ற ஆசிரியர், திருத்தணி

ப: கொச்சி இருக்கிறதே! 1662-ல் போர்த்துகீசியர் அங்கே 'பரதேசி', அதாவது வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின், ஜெப ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் யூதர்களுக்கு மூச்சு வந்தது. கொச்சிக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஒரே டச்சு வணிகக் கம்பெனியின் கப்பல் ஓடியது. 1686-ல் மோசஸ் பெரேரா டி பைவா தலைமையில் ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் சிலர் வந்து இறங்கி, நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள், எத்தனை குடும்பம், எப்படி வழிபடுகிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பைவா எழுதிய குறிப்பு மறு ஆண்டே அச்சேறியது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து புத்தகங்கள் வந்தன. அவை வந்த நாளைக் கொச்சியில் வருஷா வருஷம் கொண்டாடினார்கள். புத்தகம் வந்ததற்கு ஒரு திருவிழா!

உறவு அதோடு அறுந்துவிடவில்லை. 1760களில் ஹேக் நகரத்து வங்கியாளர் தோபியாஸ் போவாஸ் கேள்விகளை எழுதி அனுப்ப, டச்சுக் கம்பெனியின் பெருவணிகர் எசக்கியேல் ரஹாபி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். கேள்வி-பதில் பகுதி நடத்தும் எவருக்கும் அவர் முன்னோடி.

கே: கொச்சி வாங்கிக்கொண்டே இருந்ததா, கொடுத்ததா? — இல்லத்தரசி, பள்ளிப்பட்டு

ப: கொடுத்தது. 19-ஆம் நூற்றாண்டில் கொங்கணக் கரையின் யூதர்களான பெனே இஸ்ரேல் மக்களுக்கு மறை சொல்லித்தரக் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் போனார்கள்.

கே: சென்னைக்குப் பங்கே இல்லையா? — நகைத் தொழிலாளி, அரக்கோணம்

ப: உங்கள் தொழிலேதான்! மத்தியதரைக் கடல் பவளம் லண்டன் வழியாகச் சென்னைக்கு வரும். கிருஷ்ணா கரைச் சுரங்கத்து வைரம் திரும்பிப் போகும். இரண்டு முனையிலும் யூத வணிகர்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி பிறந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் (மூத்த உறுப்பினர்களில்) யூதர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது.

கே: இவ்வளவு ஒற்றுமையா? நம்ப முடியவில்லை. — கடைக்காரர், கே.ஜி.கண்டிகை

ப: நம்ப வேண்டாம். ஆம்ஸ்டர்டாமோடு கைகோத்த பரதேசி சபை, தன் ஆலயத்துக்குள்ளேயே விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களைப் பெஞ்சில் உட்கார விடவில்லை. அந்த வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி.சேலம் சத்தியாக்கிரகம் செய்துதான் அந்தத் தடையை நீக்க வேண்டியிருந்தது. கடல் கடந்த அண்ணனுக்கு விருந்து, அடுத்த வாசல் தம்பிக்குத் தரை. இந்தக் கதையில் என்னால் மன்னிக்க முடியாத பக்கம் இதுதான்.

கே: இப்போது கொச்சியில் யூதர்கள்? — பள்ளி மாணவர், சோளிங்கர்

ப: விரல்விட்டு எண்ணிவிடலாம். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய், நெவாத்திம் போன்ற கிராமங்களில் குடியேறினார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மரவேலைப்பாடுகளை ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கே: எங்கள் ஊரும் இப்படி ஓர் ஊரோடு உறவு வைக்கலாமா? — இளைஞர் மன்றத்தார், கே.ஜி.கண்டிகை

ப: தாராளமாக! தூரம் போக வேண்டாம், நகரி போதும். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. ஆடிக் கிருத்திகைக்கு அங்குள்ளவர்கள் காவடி எடுத்து நம் திருத்தணி மலைக்கு வருகிறார்கள். இந்த ஆண்டு நீங்கள் ஒரு பெட்டி தமிழ்ப் புத்தகத்தோடு அங்கே போங்கள். வரும்போது தெலுங்குப் புத்தகம் கேட்டு வாங்கி வாருங்கள்.